கடைசி வண்டியின் கோட்டு

நாத்தனாரைப் புகழ்ந்து பேசுகிற அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி நான் முன்பு சொன்னதையெல்லாம் காதால் கேட்டவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதனால் மறைத்துப் பயனில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று இருக்கும் தனி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அடுத்தவர்களைத் திட்டுவது என்றும் சொல்லலாம். லீவு கிடைத்தால் நானும் என் வீட்டுக்காரரும் பெரிய பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவோம். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எங்களுக்குப் பயணமே ஆரம்பிக்கும். மற்றவர்கள் "ஐயோ" என்று வண்டியைத் திருப்புகிற இடம் அது. அங்கிருந்து மேலே கல்லும் சேறும் ஓடையும்தான். கணவாய்க்கு மேலே ஏறி எஞ்சினை அணைத்தால் கேட்கிற அமைதி இருக்கிறதே, அதற்காக வருஷம் முழுக்க யாருடைய கிளட்ச் கோளாறையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கூட்டமாகப் போகும்போது அவர் முதல் வண்டி, நான் கடைசி வண்டி. "தலையும் வாலும் ஒரே வீடு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். முதல் வண்டி வழி பார்க்கும். கடைசி வண்டி யாரையும் பின்னால் விட்டுவிட்டு வராது. விழுந்தவரைத் தூக்குவது, நின்ற வண்டியைக் கிளப்புவது, அழுகிறவரை அதட்டுவது எல்லாம் என் பொறுப்பு. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசி வண்டிக்காரர் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மழைக்கோட்டு போடுவார்.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில், முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவர் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கையை நீட்டி வழி காட்ட வேண்டும். கடைசியில் ஆரஞ்சுக் கோட்டு வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால், எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நின்றவர் நகரலாம். இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூட நாங்கள் மலையில் தொலைத்ததில்லை.

என் நாத்தனார் இந்த முறைதான் முதன்முதலாக வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இருட்டு அறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்பாள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு, எங்கள் வண்டிகளுக்குச் சமமாக ஒரு பெரிய பைக்கை வாங்கிவிட்டாள். பயிற்சி மைதானத்தில் அது சாய்ந்து விழுந்தால், அவளால் தூக்க முடியவே முடியாது. முதுகைக் கொடுத்தாள், முட்டியைக் கொடுத்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்மா," என்றேன். தூக்கியும் விட்டேன். எனக்கு வாயும் கையும் சேர்ந்தே வேலை செய்யும்.

தினமும் காலையில் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வண்டியைத் துடைப்பாள். ஐந்து நிமிஷத்தில் சேறாகப் போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சிங்காரம்? "உன் வண்டியை யாராவது பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் துடைத்தாள். புதியவள் என்பதால் எனக்கு நேர் முன்னால்தான் அவள் இடம். அங்கேயும் ஒரு வியாதி. ஓட்டும்போது சும்மா சும்மா பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாள். பின்னால் வருகிற எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறை நிற்கும்போதும் திட்டினேன். "கண்ணாடி முன்னாடி நிக்கிற வயசெல்லாம் போயிடுச்சு. ரோட்டைப் பாத்து ஓட்டு."

"சரி அண்ணி," என்பாள். அடுத்த வளைவிலேயே மறுபடியும் பார்ப்பாள்.

கணவாயைக் கடக்க வேண்டிய நாள் காலையில், தங்கியிருந்த அறையில் என் வீட்டுக்காரர் கட்டில்மேல் வரைபடத்தை விரித்தார். நாற்காலி முதுகில் ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பாதையை அவர் ஒருவர்தான் முன்பே போய்ப் பார்த்திருந்தார்.

"மேலே ஏறி இறங்கினதும் ஒரு இடத்துல பாதை பிரியும். நேரே போறது நல்லா அகலமா இருக்கும், ஆசையைக் காட்டும். அதுல போனா ரெண்டு வளைவு தாண்டி பாலம் உடைஞ்சு கிடக்கு. அதுக்கு அப்புறம் பாதாளம்தான். நாம இடது பக்கம் இறங்கணும். அது ஆட்டுப் பாதை மாதிரி, பனிமூட்டம் வந்தா கண்ணுக்கே தெரியாது. அதனால அங்க நிக்கிற ஆள் முக்கியம்." சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் தங்கச்சி நிப்பா. இன்னிக்கு அவ எனக்கு அடுத்து வரட்டும்," என்றார்.

"அவளையா?" என்றேன் நான். "வண்டியைத் துடைக்கிற நேரத்துல பாதி பேர் பாதாளத்துக்குப் போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மஞ்சள் துணியை மடித்துத் தோள்பைக்குள் வைத்துவிட்டாள்.

ஏற்றம் அற்புதமாக இருந்தது. வெள்ளைப் பனிச் சுவர்களுக்கு நடுவில் எங்கள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வளைந்து ஏறியதை வாலில் நின்று பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான். ஒவ்வொருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே சமயம் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் ஓட்டினார்கள். தளர விட்டால்தான் வண்டி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், தண்ணீர் கூடும். எல்லோரும் தாண்டிவிட்டார்கள், எங்கள் கூட்டத்துப் பல் டாக்டரைத் தவிர. நடு ஓடையில் கல் புரண்டு, அவரும் வண்டியும் படுத்துவிட்டார்கள். இறங்கி இழுத்துக் கரை சேர்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது, டாக்டர்தான் கிளம்பவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேர் பல்லையும் பார்த்த மனிதர், அன்று அவர் பல்லே தந்தியடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இந்த லட்சணத்தில் பனியும் மழையும் கலந்து தூற ஆரம்பித்தது. என் வண்டியைப் பார்த்தால் பின் சக்கரத்தில் காற்று இல்லை. பட்ட காலிலே படும் என்பது வண்டிக்கும் பொருந்தும்.

"டாக்டர், நீங்க நிக்காதீங்க. உறைஞ்சிடுவீங்க. மெதுவா போங்க, முன்னாடி ஆள் நிக்கும், கை காட்டும். நான் பஞ்சரை ஒட்டிட்டு வந்துடறேன்." அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, என் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். அவர் நடுங்கிக்கொண்டே போனார்.

ஓட்டையில் ரப்பர் திரியைச் சொருகி, கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்தேன். பனிமூட்டம் கீழிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. குளிர்ந்ததால் தோளைக் குறுக்கினேன். கோட்டு இல்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் திக்கென்றது.

கோட்டை அனுப்பிவிட்டேன். பாதை பிரிகிற இடத்தில் நிற்கிறவள் ஆரஞ்சுக் கோட்டைப் பார்ப்பாள். கடைசி வண்டி வந்தாயிற்று என்று கிளம்பிவிடுவாள். கிளம்ப வேண்டும், அதுதான் சட்டம். நாடு முழுக்க எத்தனையோ முட்டாள்கள் எத்தனையோ விதமாகச் சாகலாம். என் சட்டத்தாலேயே நான் சாகிற வழியை நானே கண்டுபிடித்திருந்தேன்.

கத்திப் பார்த்தேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனுக்கு அங்கே சிக்னல் என்ற பேச்சே இல்லை. நனைந்த உடம்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தால், விடிவதற்குள் கட்டையாகிவிடுவேன். போவதைத் தவிர வழியில்லை.

காற்றை அடித்து முடித்து, கால் வைக்கும் கம்பிமேல் எழுந்து நின்று ஓட்டினேன். முன்சக்கரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பாறையும் பாதை மாதிரித் தெரிந்தது, கிட்டே போனால் பாறையாகவே இருந்தது. பிரிகிற இடத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டேனோ என்று தோன்றியது. அடுத்த வளைவில் பாலம் இருக்குமா, இருக்காதா? எனக்குப் பயம் வந்தது. மற்றவர்களுடைய பயத்தை வைத்துப் பிழைக்கிறவள் நான். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. கை தானாகக் கைப்பிடியை நெரித்தது.

அப்போது தரைக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மினுக்கி மினுக்கி அணைந்தன. யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று பிரேக்கைப் பிடித்தேன். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. அதன் பின்னால் ஓர் ஒல்லி உருவம், ஒரு கையை இடது பக்கம் நீட்டியபடி நின்றது.

என் நாத்தனார்தான்.

அவளுடைய பெரிய பைக், தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பைக், அகலப் பாதைக்குக் குறுக்கே சேற்றில் படுத்துக் கிடந்தது. அதைத் தாண்டி யாரும் நேரே போக முடியாது.

"விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. நான்தான் படுக்க வச்சேன்." அவள் உதடு சரியாக அசையவில்லை. "பனியில என்னை நீங்க பாக்காம போயிட்டா? அதான்."

"உன்னால அதைத் தூக்க முடியாதே."

"முடியாதுன்னு தெரியும். இனிமே நினைச்சாலும் கிளம்ப முடியாதுல்ல. மனசு அங்க இங்க அலையாம இருக்கும்னு படுக்க வச்சிட்டேன்."

நீட்டியிருந்த கையை மடக்கச் சொன்னேன். அவளுக்கு மடக்க வரவில்லை. முழங்கையைத் தேய்த்துத் தேய்த்து நான்தான் மடக்கினேன். விரல்களை என் கழுத்தில் வைத்துச் சூடேற்றினேன்.

"கோட்டு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. நான் கூப்பிட்டேன், ஹெல்மெட்டுக்குள்ள அவருக்குக் கேக்கல." பாவம், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்காக டாக்டர் தூக்கியிருப்பார்.

"அப்புறம் ஏன் நின்ன? நீ கிளம்பியிருக்கணும். சட்டம் அதுதானே?"

"கோட்டு உங்களுது. ஆள் நீங்க இல்ல."

"இந்தப் பனியில, ஹெல்மெட் போட்ட ஆள்ல என்னடி தெரியும்?"

"உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போனாரு அண்ணி. கல்லு ரோட்டுல நீங்க உக்காந்து ஓட்டி நான் பாத்ததே இல்ல. எழுந்து நிப்பீங்க, முட்டியை லேசா மடக்கி, இடுப்பு மட்டும் ஆடும், தலை ஆடவே ஆடாது. அதைக் கத்துக்கணும்னுதான் முதல் நாள்லேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன்."

"நீதான் எனக்கு முன்னாடி போனியே. எங்கேர்ந்து பாத்த?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருப்பாள். "கண்ணாடியில," என்றாள்.

நான் அவள் வண்டிப் பக்கம் போனேன். இருவரும் சேர்ந்து தூக்கினோம். விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி செத்திருந்தது. இறக்கத்தில் தள்ளிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விடச் சொன்னேன். இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் தோள்பைக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் துணியை எடுத்து, அவளுடைய பக்கக் கண்ணாடியில் அப்பியிருந்த சேற்றை நானே துடைத்தேன்.

"நீ பின்னாடி வா," என்றேன்.

"கடைசி வண்டி நீங்கதானே அண்ணி."

"நேத்து வரைக்கும். இப்ப சொன்னதைச் செய்."

பாதி இறக்கத்தில் என் வீட்டுக்காரர் எதிரே ஏறி வந்தார். கோட்டுக்குள்ளிருந்து டாக்டர் வெளியே வந்ததைப் பார்த்த மறுநொடி வண்டியைத் திருப்பியிருக்கிறார். எங்கள் இருவரையும் பார்த்து வண்டியை நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அப்படியே கைப்பிடிமேல் குனிந்துகொண்டார். அப்புறம் தங்கையைக் காட்டி, "இவ ஏன் கடைசியில வர்றா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வால் அவதான். நீங்க தலையைப் பாருங்க," என்றேன்.

அவர் முன்னால் போனார். பனிமூட்டம் விலகி, கீழே ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. பாதை இன்னும் கல்லும் முள்ளுமாகத்தான் இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் செய்யவே கூடாத காரியத்தை அன்று நான் செய்தேன். அடிவாரம் வரைக்கும், ஒரு வளைவு விடாமல், பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடிக்குள் என் நாத்தனார் எழுந்து நின்று, முட்டியை லேசாக மடக்கி, தலை ஆடாமல் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.