இரண்டாவது மீதி

என் மனைவி கணக்கு டீச்சர். நான் ஏசி மெக்கானிக். கல்யாணமான புதிதில் அவள் பகா எண் பற்றிப் பேசினால் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். இருபது வருஷத்தில் அந்தத் தலையாட்டலில் நன்றாகத் தேறிவிட்டேன்.

அவள் இறந்துபோய்ப் பதினோரு நாளாகியும் அவளுடைய கம்ப்யூட்டர் சாப்பாட்டு அறை மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டைக் கோடிக்கணக்கான தடவை இரண்டாலேயே பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் மூன்றரைக் கோடி இலக்கம். அது பகா எண்தானா என்று நான்கு மாதமாகச் சோதனை. கடைசியில் வரும் மீதி பூஜ்ஜியம் என்றால் பகா எண், கண்டுபிடித்தவள் என்று அவள் பெயர் அதோடு நிலைக்கும். வேறெது வந்தாலும் இல்லை. அப்போதும் எந்த எண்ணால் வகுபடும் என்று மட்டும் வாயைத் திறக்காது. சரியான அழுத்தக்காரச் சோதனை.

எனக்கு அழுகை வரவில்லை, பசியும் இல்லை. கம்ப்யூட்டர் சூடாக இருந்தது மட்டும் உறைத்தது. கை சும்மா இருக்குமா? ஓடும்போதே மூடியைக் கழற்றி, ஏசிக்கு அடிப்பதுபோலக் காற்றடித்துத் தூசி எடுத்தேன். எதிலோ கை பட்டது. திரை ஒருமுறை அணைந்து வந்தது.

மூன்றாம் நாள் சோதனை முடிந்தது. மீதி பூஜ்ஜியம் இல்லை. கீழே ஒரு வரி: நடுவில் பிழை நேர்ந்திருக்கலாம், விடையை நம்ப முடியாது.

காலேஜில் படிக்கும் மகள்தான் விளக்கினாள். ஒரு சின்னத் தப்பு நுழைந்தால் பகா எண்ணும் இல்லை என்றே வந்துவிடுமாம். அதனால் இந்த மாதிரி எண்களைத் தேடும் குழுவில் வேறொருவர் தன் கம்ப்யூட்டரில் அதே எண்ணை மறுபடி ஓட்டுவார். இரண்டு மீதியும் ஒத்துப்போனால் என் கை எதையும் கெடுக்கவில்லை. வேறென்றால் கெடுத்துவிட்டேன், அது பகா எண்ணாகவே இருந்திருக்கலாம்.

ஆறு வாரம் வேலைக்குப் போனேன், காஸ் நிரப்பினேன், பில்டர் கழுவினேன். மனதில் ஒரே வேண்டுதல், மீதி ஒத்துப்போகட்டும். அதாவது, அவள் ஆசைப்பட்டது நடக்காமல் போகட்டும். இப்படியும் ஒரு புருஷன். வெட்கம்கூட வரவில்லை, எல்லாம் மரத்துப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயில் வந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அனுப்பிய மீதியின் கடைசித் துண்டு, கம்ப்யூட்டர் எழுதும் முறையில் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு. மகள் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். பதினாறும் ஒத்துப்போயின.

நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. மகள் என்னையே பார்த்தாள்.

"அம்மாவோட எண் பகா எண் இல்லைப்பா. அதுக்கா சிரிக்கிறீங்க?"

"நான் கெடுக்கலை, இல்ல?"

"நீங்க கெடுத்தீங்கன்னு யாருமே சொல்லலையே."

சொல்லவில்லைதான். யாருக்கும் தெரியாதே.

"அம்மா போன அன்னைக்குக் காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா," என்றேன். "ஒரே ஒரு வேலை, முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பிட்டேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாளான்னு யார்கிட்டம்மா கேக்கறது?"

 மகள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.