முதலில் போகிறவன்

...ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அப்படியில்லை அண்ணே, நான் சொல்லித்தான் அவன் முதலில் போகிறான் என்று, அவ்வளவுதானே, அதற்கு ஏன் வாய் வரவில்லை... பேருந்து வீரபாண்டியைத் தாண்டிவிட்டது, இத்ரீஸ் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது, கடைசி வரிசையில் ஜன்னலோரம் தங்கப்பாண்டி உட்கார்ந்திருக்கிறான், தேனியில் ஏறும்போதே பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டான். டீமில் மற்ற மூவரும் சாயங்காலம் படம் பார்த்துவிட்டு வருகிறார்களாம், வெற்றிக் கொண்டாட்டம். வெற்றிதான், கோயம்புத்தூர்க்காரர்களைப் பதினாறுக்குப் பதினான்கில் அடித்தாயிற்று, கம்பத்தில் இன்டர்நெட் இழுக்கிறது என்பதற்காகத் தேனிக்கு வந்து, ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்து கணினியைப் பிடித்து, காதில் ஹெட்போனை மாட்டி, திரையில் துப்பாக்கியைத் தூக்கி... ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர், ஒரு சுற்றில் செத்தவன் அடுத்த சுற்றில்தான் எழுந்திருக்க முடியும். இந்த இரண்டு வருடத்தில், இரண்டாயிரத்து ஏழில் தொடங்கி, இத்ரீஸ் தலைவனாக இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான். முதலில் எல்லாரையும் பார்த்துக் கத்தினான், ஒருவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை, தோற்றார்கள். பிறகு ஆளின் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, நிறுத்தி, மெதுவாகப் பேசப் பழகினான், ஜெயித்தார்கள். அதற்கும் பிறகு, யாரும் சொல்லித்தராமலே, இன்னொன்றையும் கற்றான், எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்று தெரிய வேண்டுமானால் ஒருவன் உள்ளே போய்ச் சாக வேண்டும், எதிர்த்துப் பேசாதவனாக இருந்தால் நல்லது. உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற தங்கப்பாண்டி எதிர்த்துப் பேசியதே இல்லை. போ என்றால் போவான்.

இன்று காலை மட்டும், பதினைந்துக்குப் பதினான்கு என்று நின்றபோது, ஹெட்போனில் அவன் குரல். "மாப்ள, இந்த ஒரு வாட்டி நா பின்னால வாரேனே." ஏன் என்று கேட்டிருக்கலாம், கேட்க நேரம் எங்கே இருந்தது, இல்லை, இருந்தது, கேட்கத் தோன்றவில்லை. "நீ போனாத்தான்டா சரிவரும், நா ஒன் பின்னாடியேதான் வர்றேன்." போனான். இரண்டு வெடிச் சத்தம், செத்தான். அந்தச் சத்தத்தை வைத்தே எதிரிகளில் மிச்சமிருந்த இரண்டு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று இத்ரீசுக்குத் தெரிந்துவிட்டது, சுவரோரம் பதுங்கி, மூச்சைப் பிடித்து, அவர்கள் வெளியே வந்ததும் இருவரையும் சுட்டான், ஆட்டம் முடிந்தது, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து ஆள் பார்க்க வந்திருந்த வைகுண்டராஜ் கை தட்டினார், பிறகு திரையில் வந்த கணக்கை விரலால் தடவிக்கொண்டே போய்க் கடைசிப் பெயரில் நிறுத்தினார், சுட்டது நாலு, செத்தது இருபத்திரண்டு. "நீங்க நாலு பேரும் மதுரை டீமுக்கு வந்துருங்க தம்பி. இந்தப் பையன் மட்டும் வேணாம், பொசுக்கு பொசுக்குன்னு செத்துப்போறான்." தங்கப்பாண்டி அங்கேதான் நின்றான், ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், அவர் அவனைப் பார்க்கவில்லை, இத்ரீஸ் பார்த்தான், பார்த்துக்கொண்டே, "சரிண்ணே" என்றான்.

சின்னமனூரில் கூட்டம் இறங்கியது. இனியும் இப்படியே உட்கார்ந்திருந்தால் அசிங்கம் என்று எழுந்து பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "மதுரையில அவுக கிட்ட நா பேசிப் பாக்குறேன்டா. அவுகளுக்கு ஒன் ஆட்டம் புரியல." எவ்வளவு சுலபமாக வருகிறது இப்போது, கேட்க வேண்டியவர் கேட்காத இடத்தில்.

"வேணாம்டா."

"கோவமா இருக்கியா?"

"கோவமெல்லாம் இல்ல." வெளியே பார்த்துக்கொண்டே, "செத்தவனுக்கு வேற வேல ஏது, உசுரோட இருக்கவன் கண்ணு வழியா ஆட்டத்தப் பாக்க வேண்டியதுதான? யாரை வேணும்னாலும் பாக்கலாம்ல, நா எப்பவும் ஒன்னையத்தான் பாப்பேன். பின்னாடியே வர்றேம்ப. செவுத்தோரம் நிப்ப. ஒரு வாட்டியாச்சும் வருவியான்னு பாத்தேன், அம்புட்டுத்தான்."

குரலில் ஒன்றுமே இல்லை, தோட்டத்தில் எந்தப் பத்தியில் மருந்து அடித்தாயிற்று என்று சொல்வதைப் போலச் சொன்னான். உத்தமபாளையத்தில் இறங்கினான், கையைக் காட்டினான், வழக்கம்போலத்தான் காட்டினான், அதுதான் தாங்கவில்லை. பேருந்து கிளம்பியது. பார்த்திருக்கிறான்... இரண்டு வருடம், ஒவ்வொரு சுற்றிலும், என் கண்ணாலேயே என்னைப் பார்த்திருக்கிறான், சுவரோரம் கால் நகராமல் நிற்பதை, அவன் விழுந்து கிடக்கிற வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதை. நான் சொன்னதால் போகிறான், என் பேச்சில் அப்படி ஒரு பிடி இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டேன். வரமாட்டேன் என்று தெரிந்த பிறகும் அடுத்த சுற்றில் போனானே, அதற்கடுத்ததிலும்... அது என் பேச்சுக்காக இல்லை என்றால் எதற்காக? எழுந்து நின்றான், திரும்பிப் போய்க் கேட்கலாம், இன்னும் ஊரைத் தாண்டவில்லை, நடத்துநர், "ஏலே, எங்கன எறங்கணும்?" என்று கேட்டார், இத்ரீஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கம்பம்" என்றான்.