நீலப் பொடி

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான மைன்ஸ் லைனில் கங்கம்மா இரண்டு கிடேரிக் கன்றுகளை வளர்த்து வந்தாள். ஒன்று கருப்பி, மற்றது மல்லி. அவள் கணவன் தசரதனுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போனால் இரவுதான் திரும்புவான். கன்றுகள் பெரிதாகிப் பால் கறந்தால் அந்த ரயிலை விட்டுவிடலாம் என்பது இருவரின் கணக்கு.

கன்றுகளுக்கு எட்டு மாதம் ஆனபோது கருப்பியின் கருமை மங்கி, முடி துரு நிறத்துக்கு மாறியது. இரண்டுக்கும் கழிச்சல் நிற்கவில்லை. மல்லி பின்னங்காலை இழுத்து நடந்தது.

மாட்டு டாக்டர் ஷில்பா வந்து பார்த்தாள்.

"எங்கே மேய விடறீங்க?"

"மண்மேட்டு அடியிலதாம்மா. கோடையிலயும் அங்க மட்டும்தான் பச்சை கீது."

சுரங்கத்திலிருந்து வந்த கழிவு மண் மலைபோல் குவிந்த இடம் அது. அடியில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும்.

"அந்த மண்ணுல இருக்கறது புல்லுல ஏறுது. அதைத் தின்னா உடம்புல செம்புச் சத்து சேராது. புல்லை நிறுத்துங்க. தாது உப்போட, செம்பு சேர்ந்த இந்த நீலப் பொடியில ஒரு சிட்டிகை, தவிட்டுல கலந்து வைங்க. ஒரு நாளைக்கு ஒரே தடவை. மாசம் கழிச்சு வந்து பாக்கறேன்."

தசரதன் அடுத்த ஞாயிறே பேத்தமங்கலம் பக்கம் போய், தங்கை வீட்டிலிருந்து கேழ்வரகுத் தாளை டெம்போவில் ஏற்றி வந்தான். கன்றுகளைத் தொழுவத்தை விட்டு அவிழ்க்கவே இல்லை. இரண்டே வாரத்தில் கழிச்சல் நின்றது. கருப்பியின் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முடி முளைத்தது. கங்கம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் கருப்பி படுத்தது, எழவில்லை. மூத்திரம் காப்பித் தண்ணீர்போல் போயிற்று. கண் மஞ்சளாகியிருந்தது. ஷில்பா வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

ஷில்பா பொடி டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடி தெரிந்தது.

"இவ்வளவு எப்படிம்மா தீர்ந்துச்சு? ரெண்டு மாசத்துக்கு வருமே."

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா வெச்சேன். மத்தியானம் ஒரு சிட்டிகை."

கங்கம்மா போன் செய்ததால் பாதி ஷிஃப்டில் ஓடிவந்த தசரதன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நானும் வெச்சேனே," என்றான். "ரயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, டெய்லி. நீ தூங்கிகினு இருந்த. எழுப்ப மனசு வரல. உனக்கு ஒரு வேலை கொறையட்டும்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"டப்பா எப்பவும் கூரை இடுக்குலயே இருந்துச்சு. நீ அதை எடுக்கறதே இல்லன்னு நெனச்சேன் கங்கா."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

செம்பைச் சேரவிடாமல் தடுத்த புல்லையும் நிறுத்தி, மருந்தும் இரட்டிப்பாகப் போனதில் செம்பு ஈரலில் தேங்கிவிட்டது என்று ஷில்பா விளக்கினாள். மல்லியின் ஈரலிலும் அது இருக்கும். இனிப் பொடி கூடாது. பிழைத்தாலும் சினை பிடிக்குமா என்று சொல்ல முடியாது.

"வேற மருந்து இருக்கா?" என்றான் தசரதன்.

"நல்ல தீவனம்தான் சார். நல்ல புல்லு."

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. தங்கையின் நிலத்தில் கேழ்வரகு முழங்காலுக்கு வரவில்லை. தசரதன் தாள் கேட்டு ஆண்டர்சன்பேட்டைவரை அலைந்தான், கொடுப்பவர் இல்லை. மாடு வாங்க வந்த தரகன் மல்லியின் விலாவைத் தடவிவிட்டு விலை சொல்லாமலே போனான்.

கடைசித் தாள் தீர்ந்த மறுநாளும் மல்லி காலியான தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. கங்கம்மா பத்து மணிவரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். மண்மேட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் கன்றுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.