ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் ஏழு பெண்கள்

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் வெள்ளைக் களிமண் தனியாகத் திரண்டு கிடக்கும். ஏழு வயதில் பொற்கொடி அதைச் சட்டியில் அள்ளி வந்து பசுவும் பஸ்ஸும் கிரேனும் செய்தாள். காய்ந்ததும் எல்லாம் வெடித்துப்போகும். வைக்கோல் தூளைக் கலந்தால் வெடிக்காது என்று அவளாகவே கண்டுபிடிக்க இரண்டு கோடை ஆயிற்று.

பள்ளியில் அவளுக்கு ஒரே தோழி திலகவதி. திலகவதியின் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் வீடு. பொற்கொடியின் அம்மா மாணிக்கம்மாள் அதே பிளாக்கில் கான்ட்ராக்டில் தெரு பெருக்கினாள். திலகவதி ஓவியக் கல்லூரிக்குப் போனாள். பொற்கொடி ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

படிப்பு முடிந்து திரும்பிய திலகவதி, மந்தாரக்குப்பத்தில் ஒரு ஷெட்டைப் பிடித்து மண்சிலை சுடச் சூளை வைத்தாள். "ஸ்டுடியோ நம்ம ரெண்டு பேருதுடி, வா" என்றாள். பொற்கொடி கடை வேலையை விட்டாள்.

சூளையின் சூடு பிடிபடுவதற்குள் நான்கு சிலைகள் உடைந்தன. ஒரு வருடத்தில் பொற்கொடியின் கையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஏழு பெண்கள் எழுந்தார்கள். விடியலில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் துப்புரவுப் பெண்கள். திலகவதி படம் எடுத்தாள், கண்காட்சி நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதினாள். புதுச்சேரியில் கண்காட்சி அமைந்தது. "நீ அலைய வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பொற்கொடிக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"இதோ பாருடி, நான் நின்னுகினு இருக்கேன்!" மாணிக்கம்மாள் கத்தியே விட்டாள். "பக்கத்துல எங்கூடப் பெருக்குற செங்கமலம்! பலகையில உம் பேருதான எழுதிகீது?"

பொற்கொடி வாசித்தாள். 'கலைஞர்: திலகவதி. என் சிறுவயதில் எங்கள் தெருவைப் பெருக்கிய பெண்களுக்கு.'

இன்னொரு முறை வாசித்தாள். அதற்குள் திலகவதி, கண்காட்சி பார்க்க வந்த ஓர் அம்மாளோடு வந்துவிட்டாள். ஒரு கணம் தடுமாறி, "இது பொற்கொடி, எங்க ஸ்டுடியோ ஹெல்பர்" என்றாள்.

"ஹெல்பர் இல்லிங்க. ஏழும் நான் செஞ்சது. இது எங்கம்மா."

அந்த அம்மாள் சிலையையும் மாணிக்கம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடடா, மாடலே வந்திருக்காங்களா! அச்சு அசல் அப்படியே பிடிச்சிருக்கீங்க திலகவதி" என்று மாணிக்கம்மாளை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"டிகிரி இல்லாதவங்க பேர ஒத்துக்க மாட்டாங்கடி. அடுத்த தடவை கண்டிப்பா போடுறேன்" என்று கிசுகிசுத்தாள் திலகவதி.

"கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே, திலகா. ஏன் கேக்கல?"

திலகவதி பலகையை நேராக்கத் தொடங்கினாள்.

பொற்கொடி அம்மாவின் சிலையைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். தடுத்தால் ஏன் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். திலகவதி தடுக்கவில்லை.

பஸ்ஸில் மாணிக்கம்மாள் சிலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கடலூர் தாண்டியதும் பொற்கொடி அழத் தொடங்கினாள். அங்கேயே நின்றுவிட்ட ஆறு பெண்களுக்காக அல்ல. "நம்ம ரெண்டு பேருது" என்று சொன்ன அந்தக் குரல் அன்று பொய்யாகவே தோன்றவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்குப் பின்னால் அவளே செங்கல் அடுக்கிச் சின்னதாக ஒரு சூளை கட்டினாள். திலகவதியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.