வாசிக்காததற்கு விழுந்த கைதட்டு

உலகத்திலேயே வாசிக்காமல் கைதட்டு வாங்கிய ஒரே வித்வான் தான்தான் என்று ஜமுனாமரத்தூர் சந்தை டீக்கடையில் கோபால்சாமி அறிவித்தபோது, அடுப்பில் கொதித்த பால்கூட ஒரு கணம் பொங்க மறந்து நின்றது.

“தட்டின தட்டுல கோயில் பலாமரத்துப் பிஞ்செல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துபோச்சு! சந்தேகம்னா சின்னக்குழந்தையக் கேளுங்க.”

பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்த பம்பைக்காரர் சின்னக்குழந்தை, “பிஞ்சு சமாச்சாரம் எனக்குத் தெரியாது. கைதட்டு நெசம்” என்றார்.

கடையே தலையாட்டியது. ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த தேவயானியின் தலை. கோபால்சாமிக்கோ அந்த ஒரு தலைதான் வேண்டியிருந்தது, அது பெண்டாட்டியின் தலை ஆயிற்றே.

“இந்த மனுசன் வாய மூடிக்கினு இருந்தாராமா? கட்டிக்கினு வந்ததுலேர்ந்து நான் பாத்ததில்ல” என்றாள்.

அவள் சொன்னதும் ஞாயம்தான். கோபால்சாமி மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அடிவாரத்தில் ஏறியவர்கள் மேலே வந்து இறங்குவதற்குள் அவருடைய ஏழு தலைமுறைக் கதையும் கேட்டு முடித்திருப்பார்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து எங்கே போய்க் குதிப்பார்கள்? ரிட்டயரான பிறகு அந்த வசதி போய்விட்டது. அவர் வாயைத் திறந்தால் தேவயானி விறகு பொறுக்கப் போய்விடுவாள். கேஸ் அடுப்பு வந்த பிறகும் போனாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் காவியாதான் ஒரு மவுத்ஆர்கன் வாங்கி அனுப்பினாள். “இத வாயில வெச்சிருந்தா அம்மா கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்கப்பா.”

டவர் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து யூடியூப்பைத் தட்டினார். தொப்பி போட்ட ஒரு அமெரிக்கக் கிழவர் வந்தார். ப்ளூஸ் என்றார். பேச்சு பாதி புரியவில்லை, சங்கதி புரிந்தது. இந்தச் சங்கீதம் ஊதுவதில் இல்லை, இழுப்பதில் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்து நாக்கை இறக்கினால் சுரம் வளைந்து, பசித்த கன்றுக்குட்டி மாதிரி முனகும். சர்வீஸ் முழுக்க விசில் ஊதியே பழகிய வாய், இழுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் அந்த முனகல் வந்த அன்றைக்கு மூன்று ஊர்ப் பசுக்களுக்கு மடி சுரந்தது என்பார் கோபால்சாமி. பக்கத்து வூட்டு நாய் ஊரைவிட்டே ஓடியது என்பாள் தேவயானி.

தனியாக வாசித்து அலுத்தது. நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று ஏங்க ஆரம்பித்தார். அதற்கும் வழி பிறந்தது. ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாயனக்காரர் ரஞ்சித்துக்குப் பல் பிடுங்கிக் கன்னம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. சின்னக்குழந்தை ஆள் அனுப்பினார்.

ஒத்திகை நாறிப்போனது. நாயனக்காரர் மூச்சு வாங்குகிற இடம் பம்பைக்காரருக்குச் சொந்தம். அந்தச் சந்தில்தான் அவர் கை விளையாடும். கோபால்சாமிக்கோ ஊதினாலும் பாட்டு, இழுத்தாலும் பாட்டு. மூச்சு வாங்க நிற்பானேன்? சின்னக்குழந்தை காத்திருந்து, ஒரே தட்டைத் தட்டித் தட்டி, கை மரத்துப்போய்ப் பம்பையை இறக்கி வைத்துவிட்டார்.

“இன்னாங்க கண்டக்டரே இது? நிறுத்தாம போற பஸ்ல நான் எங்கங்க ஏர்றது? நாளைக்கும் இப்டித்தான்னா சொல்லிடுங்க, ரேடியோ செட்டுல பாட்டு போட்டுக்கலாம்.”

கோபால்சாமி வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டார். தேவயானி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை மறுபடி அமெரிக்கக் கிழவரைப் பார்த்தார். கிழவர் கொஞ்சம் வாசித்துவிட்டு மவுத்ஆர்கனை வாயிலிருந்து எடுத்தார். கிடார்காரர் பக்கம் திரும்பி, தலையசைத்துக் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் பதில் வாசித்தார். இத்தனை மாதமும் அந்த இடங்களை ‘ஒண்ணும் நடக்கல’ என்று விரலால் தள்ளிவிட்டே பார்த்திருந்தார் நம்ம ஆள்.

அன்று மாலை அம்மன் முன்னால் ஊரே திரண்டிருந்தது. கோபால்சாமி ஒரு வரி இழுத்தார். வளைத்து, முனகவிட்டு, வெடுக்கென்று மவுத்ஆர்கனை எடுத்துவிட்டார். ‘ஜனங்களே, இதான் ப்ளூஸ்’ என்று விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த இடத்தில் சின்னக்குழந்தை பாய்ந்தார் பாருங்கள், இடி இறங்கின மாதிரி! இவர் ஒரு இழுப்பு, அவர் ஒரு அடி. இவர் கேட்க, அவர் சொல்ல. கோபால்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு கட்டத்தில், கண்டக்டர் வாசிக்கட்டும் என்று சின்னக்குழந்தை கையை நிறுத்தினார். பம்பை பேசட்டும் என்று கோபால்சாமியும் நிறுத்தினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ‘நீங்க’ ‘இல்ல, நீங்க’ என்று கண்ணாலேயே உபசாரம். ஊரே மூச்சடக்கி நின்றது. பொங்கல் பானைகளின் பக்கமிருந்து ஒற்றைக் கைதட்டு கேட்டது. உடனே ஊர் மொத்தமும் தட்டியது.

“அந்த மொதக் கை மட்டும் யாருதுன்னு தெரியல” என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார் சின்னக்குழந்தை. “தெரிஞ்சா மால போடுவேன்.”

தேவயானி பையில் இருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபால்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“தட்டுனாங்க, நெசந்தான்” என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே. “மொதல்ல தட்டுனதே நான்தான். ஒத்துக்கினா இவரு அப்புறம் என்னத் தூங்க வுடுவாரா? அதான் கம்முனு இருந்தேன்.”