அறுபதாவது காலர்

சட்டைக் கம்பெனியில் மணியடிக்க அரைமணி இருக்கும்போதே அன்றைய கணக்கான அறுபது காலரையும் தைத்துவிட்டு இளைய ஓரகத்தி காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து மெஷினில் மூத்தவளுக்கு வயிறு எரியும்.

“அறுபதுக்கு மேல தச்சா தனிக்கூலி. அவங்கவங்க திறமை, கட்டாயம் ஒண்ணுமில்ல” என்பார் சூப்பர்வைசர்.

ஓரகத்தியை மட்டம்தட்டவே மூத்தவள் ஒரு வாரம் சோறு தண்ணி பார்க்காமல் தினமும் அறுபத்தைந்து தைத்தாள். சூப்பர்வைசர் கைதட்டினார்.

“முடியும்னு காட்டிட்டாங்க. நாளையிலேருந்து எல்லாருக்கும் அறுபத்தஞ்சு. கூலி பழையதுதான்.”

ஓரகத்தி நூலை அறுத்தாள். “எனக்கு எண்பது வரும்க்கா. ஏன் அறுபதோட நிறுத்துனேன்னு நெனச்சீங்க?”

கூடமே மூத்தவளைக் கரித்துக்கொட்டியது. அவள் காதில் விழுந்தது அந்த எண்பது மட்டும்தான்.