கோடியும் லட்சமும்

என் தம்பி பாலன் என்னைக் கோடீஸ்வரி என்றுதான் கூப்பிடுவான். பணத்தால் வந்த பெயரில்லை. எங்கள் இருவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றியது. மாத்திரை தொடங்கியபோது என் ரத்தத்தில் கிருமி கோடிக்கணக்கில் இருந்தது. அவனுக்குச் சில லட்சம். பள்ளியில் கணக்குப் பாடத்தில் என்னிடம் தோற்றே வளர்ந்தவன், இதை விடுவானா?

இப்போது இருவருக்கும் பரிசோதனையில் கிருமி தெரிவதே இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் கல்லீரல் ஸ்கேனுக்குப் போகிறேன். பாலன் மட்டும் டிமிக்கி கொடுப்பான். கேட்டால், "கோடி உனக்குத்தானே அக்கா, எனக்கு என்னா வந்துச்சு?" என்பான்.

போன மாதம் எங்கள் இருவரையும் பார்க்கும் டாக்டர் நிருபாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"ரமணி, லட்சம்னா கொஞ்சம்னு இல்ல. கோடி இருக்கிறவங்கள்ல பல பேரோட உடம்பு கிருமியோட சண்டையே போட்டிருக்காது. தம்பி மாதிரி லட்சத்துல, நடுவுல இருக்கிறவங்க உடம்பு வருசக்கணக்கா போட்டிருக்கும். அந்தச் சண்டையில ஈரல்தான் அடிபடும். மாத்திரை கிருமியை அடக்கும், ஆனா பழைய தழும்பு இருக்கும். புற்றுநோய் ஆபத்து அவங்களுக்குத்தான் கூட. தம்பியை வரச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்க்கும் ராவாங் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, மறுநாளே பாலன் நெல் லோரி ஓட்டும் சுங்கை புரோங்குக்குக் காரை விட்டேன். அறுவடை நேரம். நெல்லை ஆலையில் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குக் காலி லோரியோடு வரப்போரம் காத்திருந்தான். கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"இறங்குக்கா, வேலை இருக்குலா."

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டு."

"உனக்கென்ன பைத்தியமா? சீசன் முடியட்டும்."

"ஈரலுக்குச் சீசன் தெரியுமாடா? ஓட்டு. இல்லன்னா இங்கேயே உக்காந்திருப்பேன், நீ நெல்லையும் என்னையும் சேர்த்து ஏத்திக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முறைத்துக்கொண்டே கிளப்பினான். மருத்துவமனை வாசலில் அந்த லோரியை நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போனது. வழியெல்லாம் என்னைத் திட்டினான். நானும் சும்மா இருக்கவில்லை.

ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. மேல் பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று உறுதியானது. ஒன்றரை சென்டிமீட்டர். வேறெங்கும் பரவவில்லை.

"சின்னது. சூடான ஊசி விட்டுக் கட்டியைப் பொசுக்கிடலாம்" என்றார் டாக்டர் நிருபா. "இன்னும் ஒரு வருசம் கழிச்சு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுது தீர்த்தேன். அழுது முடித்ததும் அந்தச் சின்னக் கட்டியின் அளவு ஒன்றே மனதில் நின்றது. முகம் கழுவிக்கொண்டு சமைத்தேன்.

சிகிச்சை நாளில் பச்சை அங்கியோடு படுத்திருந்தான். கட்டிலைத் தள்ள ஆள் வந்ததும் என் கையைப் பிடித்தான். ஐம்பது வயதுக்காரனின் கை சில்லென்றிருந்தது.

"அக்கா, பயமா இருக்கு."

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் சொல்லாத வார்த்தை அது.

"எனக்கு இல்லடா" என்றேன்.

சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நேரத்தோடு கண்டுபிடித்த ஒன்றரை சென்டிமீட்டர்தான்; உண்மையாகவே எனக்குப் பயமில்லை.